ஒரு வண்டி மண்ணும் இரண்டு வழக்கும்

குருவிகுளம் வட்டாரத்தில் கோடை என்பது கரம்பை அள்ளும் காலம். கரிசல் காட்டுக்கு நடுவே கிடக்கும் குளங்களும் கண்மாய்களும் வற்றியதும், அடியில் படிந்த வண்டலை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய் நிலத்தில் கொட்டிப் பரப்புவார்கள். அதற்கு அரசின் அனுமதி உண்டு. தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று 2024இல் விதியைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கவும் செய்தார்கள். ஆனால் அனுமதிச் சீட்டில் இருப்பது ஒரு கண்மாய், வண்டி நின்றது அடுத்த கண்மாயில் என்று வைத்துக்கொள்வோம். அல்லது கரம்பைக்கு அடியில் ஓடை மணலும் கொஞ்சம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இரவு ரோந்தில் வண்டி பிடிபடுகிறது. டிராக்டர் காவல் நிலைய வாசலில் நிற்கிறது. எஃப்.ஐ.ஆரில் இரண்டு சட்டங்கள் ஏறுகின்றன. ஒன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2), அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379, திருட்டு. இன்னொன்று 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவு. இவை போக வருவாய்த் துறை தனியாக அபராதம் கேட்கலாம். இதே ஆள் மறுபடியும் பிடிபட்டால் குண்டர் சட்டமும் வரலாம்.

“ஒரு வண்டி மண்ணுக்கு எத்தன தரம்யா தண்டம் கட்டுறது?” என்று அந்த ஓட்டுநர் கேட்டால், அது படிக்காதவன் கேட்ட கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க அரசமைப்பில் 1791இல் சேர்ந்த ஐந்தாவது திருத்தம் இதே கேள்விக்குத்தான் பதில் சொல்ல முயன்றது. இந்திய அரசமைப்பின் 20(2)ஆம் கூறும் அதற்காகவே எழுதப்பட்டது. ஒரே குற்றத்துக்காக எவர் மீதும் ஒரு முறைக்கு மேல் வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்பது அதன் பொருள். படிக்கும்போது ஓட்டுநரின் பக்கம் நிற்பதுபோலத்தான் தெரிகிறது. நீதிமன்றங்களின் கையில் அது வேறு உருவம் கொண்ட கதை எழுபது ஆண்டு நீளமானது. அந்தக் கதையில் இரண்டு சொற்களைக் கவனித்தால் போதும் என்று நினைக்கிறேன்: ‘குற்றம்’, ‘தண்டனை’. ஊர் இந்தச் சொற்களை ஒரு விதமாகப் புரிந்துகொள்கிறது. சட்டம் வேறு விதமாகப் புரிந்துகொள்கிறது.

முதலில் தண்டனை.

அரசமைப்பு வரைவில் இந்தப் பிரிவு முதலில் எளிமையாகத்தான் இருந்தது. ஒரே குற்றத்துக்கு ஒரு முறைக்கு மேல் தண்டிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நசிருத்தீன் அகமது ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ‘வழக்குத் தொடுத்து’ என்ற பொருளில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பது அது. டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதை ஆதரித்தார். அவர் கவலை அரசு ஊழியர்களைப் பற்றியது. துறை நடவடிக்கையில் தண்டனை பெற்ற ஓர் அதிகாரி, ‘நான் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவன்’ என்று சொல்லி நீதிமன்றத்திலிருந்து தப்பிவிடக் கூடாது. நியாயமான கவலைதான். ஆனால் அந்தச் சிறு சேர்க்கை பெரிய வாசலை அடைத்தது. நீதிமன்றத்தில் வழக்கு நடந்து கிடைத்த தண்டனை மட்டுமே இனிக் கணக்கில் வரும். மற்ற வழிகளில் வந்த இழப்பு எதுவானாலும் கணக்கில் வராது.

1953இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மக்பூல் உசேன் என்பவர் வெளிநாட்டிலிருந்து பம்பாய் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது 107 தோலாவுக்கும் சற்று மேலான தங்கத்தை அறிவிக்காமல் கொண்டுவந்தார். சுங்கத் துறை தங்கத்தைப் பறிமுதல் செய்தது. அதற்குப் பதிலாக 12,000 ரூபாய் கட்டி மீட்கலாம் என்றது. பிறகு அதே தங்கத்துக்காக அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ்க் குற்றவழக்கு வந்தது. சுங்க அதிகாரி நீதிமன்றம் அல்ல, எனவே அவர் விதித்தது 20(2) சொல்லும் தண்டனை ஆகாது என்று தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே இன்னொரு வழக்கு. எஸ்.ஏ. வெங்கட்ராமன் ஐ.சி.எஸ். அதிகாரி, மத்திய வணிகத் தொழில் அமைச்சகத்தின் செயலாளராக இருந்தவர். 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முறையான விசாரணை நடந்து வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே குற்றச்சாட்டுகளுக்காகப் பிறகு நீதிமன்றத்துக்கும் இழுக்கப்பட்டார். அந்த விசாரணை உண்மையைக் கண்டறிவதற்கு நடந்தது, வழக்கு அல்ல என்றது நீதிமன்றம். டி.டி.கே. எந்தச் சூழ்நிலைக்காகக் கவலைப்பட்டாரோ, கிட்டத்தட்ட அதே சூழ்நிலை.

பெரிய அதிகாரிகள், தங்கக் கடத்தல்காரர்கள் விஷயத்தில் இது உறுத்துவதில்லை. ஆனால் தினக்கூலி வாங்கும் டிராக்டர் ஓட்டுநருக்கு, வண்டி ஆறு மாதம் காவல் நிலையத்தில் வெயிலில் காய்வதே தண்டனை. வாய்தாவுக்கு வாய்தா சங்கரன்கோவிலுக்குப் போய் வரும் நாட்களின் கூலி போவது தண்டனை. சட்டத்தின் கண்ணில் இவை ஒன்றும் தண்டனை இல்லை.

இந்தப் பிளவு தடுப்புக் காவலில் இன்னும் ஆழமாகிறது. 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டத்தைத் தமிழ்நாட்டில் யாரும் அதன் முழுப் பெயரால் சொல்வதில்லை. குண்டாஸ் என்றால் எல்லோருக்கும் புரியும். முதலில் கள்ளச் சாராயம் விற்பவர்கள், போதைப்பொருள் கடத்துபவர்கள் முதலானோரைக் குறிவைத்த அந்தச் சட்டத்தில் 2004இல் வீடியோ திருடர்களும் 2006இல் மணல் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். குற்றவழக்கில் ஜாமீன் கிடைக்கும் நேரம் பார்த்து இந்த உத்தரவு வருவது வழக்கம். அதிகபட்சம் 12 மாதம் உள்ளே வைக்கலாம். ஆலோசனைக் குழு உண்டு, ஆனால் அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட உரிமை இல்லை. உத்தரவின் அடிப்படையாகக் காட்டப்படுவது பெரும்பாலும் அதே வழக்கு, அதே சம்பவம். அப்படியானால் இது ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது சிறை இல்லையா? இல்லை என்கிறது சட்டம். நடந்ததற்காக அடைப்பது தண்டனை, இனி நடக்காமலிருக்க அடைப்பது தடுப்பு.

சரி, அப்படியே ஒத்துக்கொள்வோம். பிறகு அதே சம்பவத்தின் வழக்கில் அந்த ஆளுக்கு இரண்டு ஆண்டு சிறை விதிக்கப்படுகிறது என்றால், குண்டாஸில் கழிந்த மாதங்களை அதில் கழித்துக்கொள்ளலாமா? விசாரணைக் கைதியாக இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428 வழி செய்திருந்தது. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 468. தடுப்புக் காவல் நாட்களுக்கு அந்தச் சலுகை பொதுவாகப் பொருந்தாது என்று ஆந்திரத்திலிருந்து வந்த அன்னே வெங்கடேஸ்வர ராவ் வழக்கில் 1977இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பிக்குப் பின்னால் ஒருவன் எண்ணும் நாள் ஒன்றுதான். சட்டம் அதை இரண்டு கணக்கு நோட்டில் எழுதுகிறது. ஒரு நோட்டில் இருப்பது மற்றதற்கு வரவாகாது. இந்தத் தர்க்கத்தைப் பல முறை படித்துப் பார்த்துவிட்டேன், என்னால் ஏற்க முடியவில்லை. தடுப்புக் காவலின் தேவையை ஒத்துக்கொள்பவர்கள்கூட, நாட்களைக் கழித்துக் கொடுப்பதில் அரசுக்கு என்ன நட்டம் என்று யோசிக்க வேண்டும்.

திருநெல்வேலிச் சீமைக்கு இது புதிய அனுபவமும் இல்லை. 1908 மார்ச்சில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானது முதலில் தேசத்துரோக வழக்கில் அல்ல. நன்னடத்தைக்குப் பிணை கொடு என்று கலெக்டர் விஞ்ச் கேட்டார், கொடுக்க மறுத்தார்கள், 12ஆம் தேதி சிறைக்குப் போனார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது. தடுப்பு என்ற கதவு வழியாக உள்ளே போனவர்களைத் தேசத்துரோக வழக்கு உள்ளேயே வந்து பிடித்துக்கொண்டது. குருவிகுளமும் சங்கரன்கோவிலும் அன்றைக்கு அதே மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான்.

அந்தத் தேசத்துரோக வழக்குதான் ‘குற்றம்’ என்ற இரண்டாவது சொல்லுக்கு நம்மைக் கொண்டுவருகிறது. வ.உ.சி. மீது இரண்டு குற்றச்சாட்டுகள். தாமே அரசுக்கு எதிராகப் பேசியது ஒன்று. சிவா பேசியதற்கு உடந்தையாக இருந்தது, அதாவது அவருக்கு இடமும் ஆதரவும் கொடுத்தது மற்றொன்று. ஒரே இயக்கம், ஒரே ஊர், அதே சில வாரங்கள். 1908 ஜூலை 7 அன்று செஷன்ஸ் நீதிபதி பின்ஹே இரண்டுக்கும் தனித்தனியே ஆயுள் தண்டனை விதித்தார். சிவாவுக்குப் பத்து ஆண்டு. முதன்மையாகப் பேசியவருக்குப் பத்து ஆண்டு, அவருக்கு உடந்தையாக இருந்ததற்கு ஆயுள் என்ற விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு செயலைப் பல குற்றங்களாகப் பிரித்து அடுக்கும்போது அளவு என்பது எவ்வளவு எளிதில் கைநழுவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனைகளை வெகுவாகக் குறைத்தது. 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தார். ஆனால் ‘இரட்டை ஆயுள்’ என்ற சொல் தமிழர் நினைவில் தங்கிவிட்டது.

இரட்டை ஆயுள் என்றால் என்ன? மனிதனுக்கு உள்ளது ஓர் ஆயுள்தானே? இதற்கு விடை கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. விடையும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே கிடைத்தது. ஒரே சம்பவத்தில் நடந்த பல கொலைகளுக்காக விசாரணை நீதிமன்றம் பல ஆயுள் தண்டனைகளை விதித்து, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது. முத்துராமலிங்கம் வழக்கு என்று அறியப்படும் அதில், 2016 ஜூலை 19 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பல ஆயுள் தண்டனைகள் விதிக்கலாம், ஆனால் அவற்றை வரிசையில் நிறுத்த முடியாது, ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் படியும் என்றது. இதில் நடைமுறைப் பொருள் ஒன்று இருக்கிறது. ஒரு தண்டனையில் அரசு குறைப்புக் கொடுத்தாலும் அடியில் உள்ள மற்றொன்று தானாகக் குறையாது. ஆயுள் அல்லாத, ஆண்டுக் கணக்கான தண்டனைகள் என்றால் வரிசையில் நிற்கலாம். அங்கே ஏககாலம் என்று நீதிபதி எழுதினாரா இல்லையா என்பதே ஒருவருடைய வாழ்க்கையில் பத்து ஆண்டைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

ஆனால் ஒரே செயல் எப்போது ஒரு குற்றம், எப்போது இரண்டு குற்றம்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1932இல் பிளாக்பர்கர் என்ற போதைமருந்து வழக்கில் ஓர் அளவுகோல் வைத்தது. இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். முதலாவதை நிரூபிக்க இரண்டாவதில் இல்லாத ஓர் அம்சம் வேண்டுமா? இரண்டாவதை நிரூபிக்க முதலாவதில் இல்லாத ஓர் அம்சம் வேண்டுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அவை இரண்டு குற்றங்கள். நம் உச்ச நீதிமன்றம் 1960இல் ஆப்தே வழக்கில் இதே பாதையில் போனது. காப்பீட்டு நிறுவனப் பணத்தைக் கையாடியது நம்பிக்கை மோசடியாகவும் இருக்கலாம், காப்பீட்டுச் சட்ட மீறலாகவும் இருக்கலாம். சம்பவம் ஒன்றாக இருப்பது போதாது, குற்றத்தின் கூறுகள் ஒன்றாக இருக்க வேண்டும் என்றது.

இப்போது நம் டிராக்டருக்கு வருவோம். டெல்லியில் யமுனை மணலை அள்ளிய வழக்குகளில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதே அளவுகோலைப் போட்டது. கனிமச் சட்டப்படி குற்றம் என்பது அனுமதி இல்லாமல் தோண்டுவது. திருட்டு என்பது அரசின் வசமிருக்கும் பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொண்டு போவது. கூறுகள் வேறு, ஆகவே இரண்டும் நிற்கும். இதில் ஓர் உள்விவகாரம் உண்டு. கனிமச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியும். திருட்டுக்கு அந்தத் தடை இல்லை, போலீஸ் தானே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யலாம். எனவே ஒரே இரவின் ஒரே வண்டி, இரண்டு கோப்புகளாக, இரண்டு எண்களோடு, வேறு வேறு வேகத்தில் நகர முடியும்.

2020 டிசம்பரில் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் இது இன்னும் கூர்மையானது. மணல் அள்ளியவர்கள் கனிமச் சட்டத்தின் 23ஏ பிரிவில் அபராதம் கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். பிறகும் வழக்கா என்று கேட்டார்கள். கனிமச் சட்ட வழக்கு அதோடு முடிந்தது, திருட்டு வழக்கு தொடரும் என்றது உச்ச நீதிமன்றம். ஆறுகள் சுரண்டப்படும் வேகத்தைப் பார்க்கும்போது நீதிபதிகளின் கவலை புரிகிறது. பணம் படைத்த ஒப்பந்தக்காரருக்கு அபராதம் ஒரு வியாபாரச் செலவு. கட்டிவிட்டு மறுநாள் இயந்திரத்தை இறக்குவார். அவரைக் கருதி எழுதிய விதி, தாமிரபரணியையும் பாலாற்றையும் காக்கட்டும். ஆனால் அதே விதி கரம்பை ஏற்றிய கூலி ஓட்டுநர் மேலும் அதே எடையோடு விழுகிறது. முதலாளி யாரென்று குற்றப்பத்திரிகையில் இல்லாமலேயே போகும் வழக்குகள் எத்தனை! ‘கட்டிட்டா முடிஞ்சிரும்’ என்று யாரோ சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டவன், முடியாத இன்னொரு வழக்குக்கு அந்தக் கையெழுத்தே எதிராகிவிடுமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.

அரசமைப்பைவிட ஒரு சாதாரணச் சட்டப் பிரிவு இங்கே தாராளமானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய நடைமுறைச் சட்டத்தின் 300, இன்றைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337. அரசமைப்பு தண்டிக்கப்பட்டவரை மட்டும் காக்கிறது. இந்தப் பிரிவு விடுதலையானவரையும் காக்கிறது. அதே குற்றத்துக்கு மட்டுமல்ல, அதே உண்மைகளின் பேரில் முதலிலேயே மாற்றாகச் சுமத்தியிருக்கக்கூடிய வேறு குற்றத்துக்கும் மறு விசாரணை கூடாது என்கிறது. தொடர் சம்பவங்களில் தனிக் குற்றமாக முன்பே சேர்த்திருக்கக்கூடியதைப் பின்னால் எடுக்க வேண்டுமானால் மாநில அரசின் இசைவு வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தப் பிரிவின் பலத்தை 2022 டிசம்பரில் கேரள வழக்கொன்று காட்டியது. பேராம்பிரை அரசு விதைப்பண்ணையில் வேலை பார்த்த வேளாண் அலுவலர் ஒருவர், பண்ணைத் தேங்காய் விற்ற பணத்தைக் கையாடியதாகத் தண்டனை பெற்றார். பிறகு நடந்த தணிக்கையில் அதே காலத்தின் வேறு தொகைகள் வெளிப்பட, புதிய வழக்குகள் வந்தன. அரசுத் தரப்புக்கு இவையெல்லாம் முதலிலேயே எட்டியிருக்கக்கூடியவைதான் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் பின்வந்த தண்டனையை ரத்துசெய்தது. கணக்கை முழுதாகப் பார்க்காமல் துண்டு துண்டாக வழக்குப் போடும் சோம்பலுக்குக் குடிமகன் விலை கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

எல்லா இடத்திலும் இந்தத் தெளிவு இல்லை. சிற்றூர்களில் மிக அதிகம் அடிபடும் உதாரணம் காசோலை. கடனுக்குக் கொடுத்த செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138இல் வழக்கு. அதே செக்குக்காகவே மோசடி என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 420இல் இன்னொரு வழக்கு. 2011இல் ஓர் அமர்வு, உண்மைகள் ஒன்று என்பதால் இரண்டாவது வழக்கு கூடாது என்றது. 2012இல் இன்னோர் அமர்வு, மோசடிக்கு ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும், 138க்கு வேண்டாம், ஆகவே தடை இல்லை என்றது. இரண்டும் உச்ச நீதிமன்றம், இரண்டும் இரு நீதிபதிகள். இந்த முரண்பாட்டைப் பெரிய அமர்வு தீர்க்கட்டும் என்று 2022 ஆகஸ்டில் அனுப்பி வைத்தது தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்குதான். இதற்கிடையில் கந்துவட்டிக்காரரிடம் வெற்றுச் செக் கொடுத்து மாட்டிய சிறு விவசாயியின் நிலையை யோசித்துப் பாருங்கள். தன்மேல் ஒரு வழக்கு நிற்குமா, இரண்டா என்பது எந்தத் தீர்ப்பை எந்த வழக்கறிஞர் முதலில் நீட்டுகிறார் என்பதில் இருக்கிறது.

ஒரே பேச்சுக்குப் பல ஊர்களில் வழக்குப் போடுவது இன்னொரு வகை. நடிகை குஷ்பு 2005இல் ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காக அவர்மீது 23 புகார்கள், பெரும்பாலானவை தமிழ்நாட்டு நீதிமன்றங்களில். யாரும் தண்டிக்கவில்லை, எனவே 20(2) பேசவே முடியாது. ஆனால் ஊர் ஊராக ஓடும் ஓட்டம்? 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்துசெய்தபோது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஓடியிருந்தன. கூத்துப்பறம்பு துப்பாக்கிச் சூடு தொடர்பான டி.டி. ஆன்டனி வழக்கில், ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர். கூடாது என்று 2001இல் சொன்ன விதி இத்தகைய ஓட்டத்தை ஓரளவு தடுக்கிறது. புகழ்பெற்றவர்களுக்கு டெல்லி வரை போக வழி இருக்கிறது. மற்றவர்களுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தூரம்.

இந்த இடத்தில் ஒரு நன்மையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மாகாணமும் மத்திய அரசும் இரண்டு தனி இறையாண்மைகள். அலபாமாவில் காரில் கைத்துப்பாக்கியோடு பிடிபட்ட கேம்பிள் என்பவரை மாகாண நீதிமன்றம் தண்டித்தது. அதே துப்பாக்கிக்கு மத்திய நீதிமன்றமும் தண்டித்தது. 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் இது சரியே என்றது. இந்தியாவில் அந்தக் கோட்பாட்டுக்கு இடமில்லை. நீதிமன்ற அடுக்கு ஒன்றுதான். ஒரு செயல் எத்தனை சட்டங்களின் கீழ் வந்தாலும் ஒரே குற்றத்துக்கு இரு முறை தண்டிக்கக் கூடாது என்று 1897ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டத்தின் 26ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் பின்வாசல் திறந்துகொண்டிருக்கிறது. பணமோசடித் தடுப்புச் சட்டம் மூலக் குற்றத்திலிருந்து வந்த பணத்தைக் கையாண்டதைத் தனிக் குற்றமாக்குகிறது. மணல் விவகாரத்தில் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்ட ஆட்சியர்களை அமலாக்கத் துறை அழைத்ததும், அவர்கள் நேரில் போகத்தான் வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நினைவிருக்கும். மூல வழக்கில் விடுதலையானால் பணமோசடி வழக்கும் விழும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2022 ஜூலைத் தீர்ப்பு கூறுவது ஒரு பாதுகாப்பு. ஆனால் மூல வழக்கில் தண்டனை வந்தால் அதன் மேல் இரண்டாவது தண்டனையும் வரும்.

ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் குற்றச்சாட்டு அடுக்குகள் எல்லாமே அநியாயம் என்றும் நான் சொல்ல வரவில்லை. சாதிக் கொலைகளைப் பார்த்த பூமி இது. பட்டியல் சாதியினர் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு, பொதுச் சட்டக் குற்றத்தின் மேல் இன்னொன்றாக ஏறுவது வெறும் அடுக்கல் அல்ல. ஒருவரைத் தலித் என்பதற்காகக் கொன்றது கொலைக்கு மேல் ஒன்று. அந்த ‘மேல் ஒன்றை’ப் பெயர் சொல்லி எழுதாவிட்டால் வழக்கு உண்மையைப் பாதிதான் சொல்லும். அதேபோல நம் சட்டத்தில் விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யலாம். 2009 இறுதியிலிருந்து பாதிக்கப்பட்டவரும் செய்யலாம். உடுமலை சங்கர் கொலையில் 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சங்கர் சாதி மீறி மணந்த பெண்ணின் தந்தையை விடுவித்தபோது அரசு உச்ச நீதிமன்றம் போக முடிந்தது. அமெரிக்காவில் விடுதலை என்றால் கதவு மூடிவிடும். இங்கே மேல்முறையீடு அதே வழக்கின் தொடர்ச்சி, இரண்டாம் வழக்கு அல்ல. கிராமத்தில் சாட்சிகள் எப்படி மிரட்டப்படுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் இந்த ஏற்பாட்டை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நானும் மாட்டேன்.

எனவே தேவைப்படுவது வேறு. ஒரே செயல் பல பிரிவுகளில் விழுந்தால் அவற்றை ஒரே விசாரணையில் சேர்த்து நடத்தலாம் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. நடத்தியே ஆக வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. மண் வழக்கில் அலுவலரின் புகாரும் போலீஸின் குற்றப்பத்திரிகையும் ஒரே மேசைக்கு வந்து, ஒரே நாளில், ஒரே நீதிபதி முன் முடிந்தால் இரண்டு பிரிவுகளும் நிற்கட்டும். தண்டிக்கும்போது எது கடுமையோ அதோடு நிறுத்திக்கொள்ள அவருக்கு வழி இருக்கும். குண்டாஸில் போன நாட்களையும் அதே கணக்கில் எழுதலாம். இதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. நடைமுறைச் சட்டத்தில் ‘லாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று மாற்றினால் பெரும்பகுதி தீரும்.

அதுவரை, 337ஆம் பிரிவைப் பிடித்துக்கொள்ள நினைப்பவருக்கு ஒன்று தேவை: முதல் வழக்கு முடிந்ததற்கான சான்று. முந்தைய தண்டனையையோ விடுதலையையோ நீதிமன்றத்தின் சான்றிட்ட நகலைக் கொண்டு நிரூபிக்கலாம். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் உடனே இலவசமாகக் கிடைக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் மட்டும் கட்டியவருக்கும், விடுதலையானவருக்கும் அது தானாக வருவதில்லை. மனுப் போட்டு வாங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வாங்குவதில்லை. அபராத ரசீதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வண்டிச் சாவி கையில் வந்த சந்தோஷத்தில் குருவிகுளத்துக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். அடுத்த சம்மன் வரும்போது அந்த ரசீதின் மை அழிந்திருக்கும்.